மை தொடாத திருத்தங்கள்

1874, மார்ச் 3

தம்பிக்கு,

நலம். நீயும் உன் மனைவியும் நலமென நம்புகிறேன். தந்தையார் மறைந்து இன்றோடு முப்பத்தாறு நாட்கள் ஆகின்றன. நல்லடக்கத்துக்கு நீ வந்திருந்ததைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். கடைசி வரிசையில் நின்றாயாம். ஆலயக் கதவு திறந்ததும் புறப்பட்டுவிட்டாயாம். பதினேழு ஆண்டுகள் கழித்து வந்தவன் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் போனதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்.

அவருடைய மறைநூல் பதிப்பின் மூன்றாம் தொகுதியை நீ பணிபுரியும் அச்சகமே ஏற்றிருப்பதால், மெய்ப்புத் திருத்துபவன் என்ற முறையில் உனக்கு இதை எழுதுகிறேன். நூலின் முகப்பில் இடம்பெற வேண்டிய அவரது சரிதத்தை நானே எழுதியிருக்கிறேன். அதன் முதல் பதினாறு பக்கங்களுக்கு அச்சகம் அனுப்பிய மெய்ப்புப் படியைச் சிவப்பு மையால் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன்.

தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்து, தோலேடுகளின் மணத்தை எழுத்துக்கு முன்பே அறிந்தவர் அவர். மறைநூல் ஒன்றே, அதன் பழங்கைப்பிரதிகளோ நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் படியெடுத்த எழுத்தனின் கண் வழுக்கிய இடங்கள்; அதனால் ஒரே வரிக்கு வேறுவேறு சொற்கள், அதாவது பாடங்கள். அவற்றை வரிக்கு வரி ஒப்பிட்டு மூலச் சொல் எதுவெனக் காண்பதில் நாற்பத்தொரு ஆண்டுகளைச் செலவிட்டார். ஐயுற்ற சொல்லின் அருகே ஒரு சிறு ஈட்டி வரைவார். மூலமென ஏற்றுக்கொண்ட சொல்லின் கீழே ஒரு புள்ளி வைப்பார். அவர் வகுத்த விதியை ஏழாம் பக்கத்தில் தனிப் பத்தியாகவே கொடுத்துள்ளேன்: "எழுத்தன் தன் வசதிக்காக எழுதியிருக்கவே முடியாத பாடம் எதுவோ, அதுவே மூலம்." இதைத் தடித்த எழுத்தில் கோக்கச் செய்க.

என் வாக்கியங்களைச் சுருக்க வேண்டாம். பள்ளிக்கூடம் எனக்கு எதையும் தரவில்லை. எபிரேய எழுத்துகளை அவர் மேசைக்கு எதிர்ப்புறம் நின்று, தலைகீழாகப் பார்த்தே கற்றேன். இன்றும் தலைகீழாக வைத்தால்தான் விரைந்து படிப்பேன். அப்படிச் சேர்த்த மொழியை வெட்ட எவருக்கும் உரிமையில்லை.

தலைப்புப் பக்கம் மே இரண்டாம் தேதி அச்சேறும் என்று உங்கள் நிர்வாகம் எழுதியுள்ளது. அதற்குள் யாவும் முடிவாக வேண்டும்.

உன் தமக்கை

•

1874, மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மெய்ப்பு கிடைத்தது. உன் வாக்கியம் எதையும் நான் தொடவில்லை. எங்கள் மேற்பார்வையாளர்தான் தாளை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உங்க அக்கா ஒரு முற்றுப்புள்ளி வெக்க இவ்வளவு யோசிக்கிறாங்களே, ஊர்ல புள்ளிக்குப் பஞ்சமா?" என்று கேட்டார். உன் கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். "இவங்க எழுதினதைக் கேட்டாலே நிமிர்ந்து உக்காரத் தோணுது," என்றாள் என் மனைவி. நிமிர்ந்தும் உட்கார்ந்தாள்.

நான் ஏன் கடைசி வரிசையில் நின்றேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன். எழுத முடிந்தால்.

இப்போது ஒரு சின்ன விஷயம். படிக்கும் முன் தாளை விரலால் தடவிப் பார்ப்பது என் தொழில் பழக்கம். அச்சு எங்கே ஆழமாக அழுந்தியிருக்கிறது என்பதைக் கண்ணைவிட விரல் சீக்கிரம் சொல்லும். ஒன்பதாம் பக்கத்து ஓரத்தில் அச்சில்லாத இடத்தில் விரல் இடறியது. சன்னல் பக்கம் சாய்த்தேன், கீறல்கள். பென்சிலைப் படுக்கவைத்து மெல்லத் தேய்த்தேன். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஓர் ஈட்டி எழுந்தது. மலை மடத்தில் அப்பா எழுபது நாட்கள் தங்கிப் பிரதியைப் படித்தார் என்று நீ எழுதியிருக்கிறாய் அல்லவா, அந்த எழுபதின் பக்கத்தில். கீழே "அறுபத்தொன்பது" என்று இருந்தது. அவர் கையெழுத்து, அக்கா. முதலெழுத்தை மட்டும் வரிக்கு மேலே தூக்கி எழுதுவாரே, அதேபோல. ஒவ்வொரு கோடும் இரட்டையாக விழுந்திருந்தது.

அவருடைய பழைய தாள் எதையாவது மெய்ப்பின் மேல் வைத்து எழுதினாயா? அப்படியென்றால் விஷயம் முடிந்தது. ஆனால் சரிதத்தை நீ எழுதியதே அவர் போன பிறகுதானே.

தம்பி

•

1874, மார்ச் 16

தம்பிக்கு,

மெய்ப்பின் மேல் எந்தத் தாளையும் வைத்து நான் எழுதவில்லை. என் மேசையில் மெய்ப்பும் சிவப்பு மையும் மட்டுமே இருந்தன.

அவரது பயண நாட்குறிப்பை எடுத்து நாட்களை எண்ணினேன். அறுபத்தொன்பது என்பதே சரி. புறப்பட்ட நாளையும் சேர்த்து எண்ணிவிட்டேன். திருத்திக்கொள்.

அவர் கையெழுத்தை அறிந்த இரண்டு பேர் மட்டுமே மெய்ப்பைத் தொட்டவர்கள். ஒருத்தி நான். சிறுவயதில் அவர் கையெழுத்தைப் போல எழுதிக் காட்டி என்னைச் சிரிக்கவைத்தவன் மற்றவன். இறந்தவர் கையால் அக்காளின் கணக்குப் பிழையைச் சுட்டுவது உனக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

அடுத்த பதினாறு பக்கங்களை இத்துடன் அனுப்புகிறேன். அனுப்பும் முன் ஒவ்வொரு தாளையும் சன்னலோரம் சாய்த்துப் பார்த்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. எதுவும் தென்படவில்லை. ஆனால் அன்று வானம் மூடியிருந்தது.

உன் தமக்கை

•

1874, மார்ச் 27

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை தொடங்கிக் கிழித்தேன்.

இருபத்திரண்டாம் பக்கத்தில், "மகன் தன் சொந்த விருப்பத்தின் பேரில் வீட்டைவிட்டு நீங்கினான்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியின் பக்கத்தில் ஈட்டி. ஓரத்தில் இரண்டு வரி. தேய்த்துப் படித்துவிட்டு அரை நாள் வேலை பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இருந்தது இதுதான்:

"நான் அனுப்பினேன். அவன் சொன்னது சரி. ஒரு வரி விடுபட்டது."

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. முதல் தொகுதி வெளிவந்து ஊரே கொண்டாடிய சமயம். நீ அத்தை வீட்டுக்குப் போயிருந்தாய். அவருடைய மூலப் பிரதிக் குறிப்பையும் அச்சான நூலையும் சும்மா ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிகிற இடத்தில், அவர் கண் முதல் சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்குத் தாவியிருந்தது. நடுவில் ஒரு வரி முழுசாகக் காணோம். நூறு எழுத்தர்களிடம் அவர் பிடித்த அதே பிழை. படிப்பறையில் போய்ச் சொன்னேன். கதவு சாத்தியிருந்தது, நாங்கள் இருவர்தான். நூலைப் பார்த்தார், குறிப்பைப் பார்த்தார். "ஒரு வரியும் விடுபடல," என்றார். பிறகு, "நீ இந்த வீட்டுல இருக்க வேண்டாம். நாளைக்கே கிளம்பு. நீயா போனதா இருக்கட்டும்," என்றார். அப்படியே இருந்துவிட்டது. என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. அதனால்தான் கடைசி வரிசை.

உன்னிடம் எப்போதாவது சொன்னாரா? உண்மையைச் சொல். இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதே. மூன்றாம் தொகுதியின் கைப்பிரதி என் மேசையில்தான் இருக்கிறது. எழுபது வயதுக்காரர் எழுத்து இவ்வளவு நடுக்கமில்லாமல் இருக்குமா? அவர் கையெழுத்தை நான் விளையாட்டாக எழுதினேன். நீ?

தம்பி

•

1874, ஏப்ரல் 4

தம்பிக்கு,

அவர் என்னிடம் சொல்லவில்லை. நீயாகவே சென்றாய் என்றே சொன்னார். நானும் பதினேழு ஆண்டுகள் உன்மேல் சினம் கொண்டிருந்தேன். அந்தச் சினத்தை எங்கே வைப்பதென்று இப்போது தெரியவில்லை.

நீ கேட்டதற்கு விடை கூறுகிறேன். இதை எவரிடமும் கூறியதில்லை.

1865இல் அவர் பார்வை முற்றிலும் போயிற்று. முதுகுவலி என்று காரணம் காட்டிப் பேராசிரியர் பதவியைத் துறந்தார். அறிஞர்கள் பார்க்க வந்தால் ஏட்டை விரித்துவைத்து அமர்ந்திருப்பார். மேசைக்கடியில் என் கால் தட்டும், அவர் பக்கத்தைத் திருப்புவார். ஏடுகளை நான் படித்துக் காட்டுவேன். நாள்தோறும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை தம் முடிவுகளைத் தாமே எழுதினார். வரிமேல் வரி விழும். என்னால் பாதிக்கு மேல் படிக்க இயலாது. படிக்க முடிந்தவற்றுள்ளும் சில பிழையாக இருந்தன. பிழை என்று சொல்லும் அளவுக்கு அப்போது எனக்குக் கல்வி வந்துவிட்டிருந்தது.

ஒருநாள் மைக்கூடு வறண்டிருந்ததை அறியாமல் இரண்டு மணி நேரம் எழுதினார். தாளில் ஒன்றுமில்லை.

"எழுதினது தெளிவா இருக்காம்மா?" என்றார்.

"தெளிவா இருக்குப்பா," என்றேன்.

அன்று முதல் அந்தக் கூட்டில் நான் மை ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் அவர் சொல்லுக்கு நான் கட்டுப்பட்டிருக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகள் அவர் வறண்ட பேனாவால் எழுதினார். நான் அடுத்த அறையில் அமர்ந்து, அவர் கையெழுத்தில் என் முடிவுகளை எழுதினேன். வெற்றுத் தாள்களை அடுப்பில் இட்டேன். மூன்றாம் தொகுதியின் ஒவ்வொரு பக்கமும் என்னுடையது. அவர் பெயரை அதில் இடுவது பொய். என் பெயரை இட்டாலோ, குருடரான தந்தையின் வாயைப் பொத்திவிட்டு அவர் நாற்காலியில் அமர்ந்தவள் ஆவேன். அவருக்குத் தெரியாது என்பதே என் நெஞ்சில் கிடக்கும் கல்.

கோடுகள் இரட்டையாக விழுந்ததாக எழுதினாய். முதலில் நான் அதைப் படித்தும் படியாதவள்போல் இருந்தேன். அவர் பேனா முள்ளின் ஒரு பக்கம் வளைந்திருந்தது. கோடு இழுத்தால் இரண்டாக விழும். புள்ளி வைத்தால் அதுவும் இரண்டாக விழும். வேறு முள்ளை அவர் தொட ஒப்பவில்லை. அந்தப் பேனாவை அவர் விரல்களுக்கிடையே வைத்துத்தான் சவப்பெட்டியை மூடச் செய்தேன். அது மண்ணுக்குள் இருக்கிறது.

இனி உன்னை ஐயுறமாட்டேன். நீயும் என்னை ஐயுறாதே.

உன் தமக்கை

•

1874, ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எரித்துவிட்டேன். நம் வீட்டில் தாளை எரிப்பது எல்லோருக்கும் வரும்போலிருக்கிறது. இது சிரிப்பதற்காக எழுதியது. எனக்கே சிரிப்பு வரவில்லை.

ஐயுறவில்லை என்று நீயும் சொல்கிறாய், நானும் சொல்கிறேன். ஆனால் முதல் திருத்தம் வந்தபோது நீ என்னை நினைத்தாய். இரண்டாவதில் எனக்குத்தான் லாபம் என்று மனசுக்குள் ஒரு மூலையில் இப்போதும் நினைப்பாய். நானும் அப்படித்தான். அதனால் ஒன்று செய்யலாம். தலைப்புப் பக்கத்தின் மெய்ப்பை ஒரே ஒரு படி எடுத்தேன். "ஒப்பிட்டு ஆராய்ந்து பதிப்பித்தவர்" என்ற வரிக்குக் கீழே அப்பா பெயர், நீ கேட்டபடி. மேற்பார்வையாளர் முன்னால் அதை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தோம், வழவழவென்று இருந்தது. அவரே தடித்த அட்டைகளுக்கு நடுவில் வைத்து, உறையிட்டு, அரக்கு ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை வைத்தார். "உங்க வீட்டு விவகாரம் எனக்கு வேண்டாம்ப்பா. ஆனா என் முத்திரையை உடைச்சா எனக்குத் தெரியும்," என்றார்.

பிரிக்காதே. அவர் மேசையில் மூன்று நாள் வைத்திருந்து அப்படியே திருப்பி அனுப்பு.

தம்பி

•

1874, ஏப்ரல் 17

தம்பிக்கு,

பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன்.

உறையை அவர் மேசையின் நடுவில் வைத்தேன். மூன்று நாட்களும் காலை பத்து மணிக்கு, நான் எபிரேயம் கற்ற அதே இடத்தில், மேசைக்கு எதிர்ப்புறம் நாற்காலி இட்டு அமர்ந்தேன். என் இரு கைகளையும் என் கண்ணில் படும்படி மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டேன். மூன்று நாட்களும் நல்ல வெயில். சன்னல் திறந்திருந்தது. தெருவில் வண்டிகள் போயின. எதிர்வீட்டுப் பெண் துணி உலர்த்தினாள்.

பத்து அடித்துச் சற்று நேரத்தில் ஓசை தொடங்கியது. மை தொட்ட முள்ளின் ஓசை மென்மையானது, இது அதுவன்று. ஒன்பது ஆண்டுகள் சுவருக்கு அப்பாலிருந்து நான் கேட்ட ஓசை. உறை அசையவில்லை. அரக்கும் வெடிக்கவில்லை. வரி முடியும்போது ஓசை நின்று, கை இடப்பக்கம் திரும்பும் அளவு நேரம் கழித்து மீண்டும் தொடங்கும். பன்னிரண்டுக்கு நின்றுவிடும்.

மூன்றாம் நாள் அது நின்றபோது என் வாய் தானாக, "தெளிவா இருக்குப்பா," என்றது. எவரும் கேட்கவில்லை, நான் விடை சொல்லிவிட்டேன்.

உள்ளே என்ன இருந்தாலும், அவர் பெயரே தலைப்புப் பக்கத்தில் நிற்கட்டும். செய்த குற்றத்துக்குப் பரிசு வாங்கும் பழக்கம் எனக்கில்லை.

உன் தமக்கை

•

1874, ஏப்ரல் 24

அக்கா,

உறை வந்தது. மேற்பார்வையாளர் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, தன்னுடையதுதான் என்று உறுதி சொல்லி, தானே உடைத்தார். "ஒண்ணும் இல்லையேப்பா, அனுப்பின மாதிரியே இருக்கு," என்றவர், தாளைத் தடவிய விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, "நீயே பாரு. நான் கொஞ்சம் வெளிய நிக்கிறேன்," என்று போய்விட்டார். பதினைந்து வருஷமாகச் சிரித்துக்கொண்டே இருக்கிற மனிதர். அன்று முழுதும் என் அறைக்குள் வரவில்லை.

பென்சிலால் தேய்த்தேன். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் ஈட்டி. தன் பெயரையே ஐயுற்றிருக்கிறார். ஓரத்தில், அதற்கு மாற்றாக:

"பாடபேதம்: மகள்."

பக்கத்தின் அடியில், வரிமேல் வரி விழுந்து, நான்கைந்து முறை தேய்த்துத்தான் படிக்க முடிந்தது:

"முள் வறண்டது எனக்குக் கேட்டது. நான் கேட்கவில்லை."

இரண்டாவது "கேட்கவில்லை" என்பது உன்னிடம் கேட்கவில்லை என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது, அக்கா. குருடருக்குக் காது இல்லையா? நீயே மூன்று நாளில் ஓசையை வைத்து அடையாளம் கண்டாயே. அந்தப் பேனாவையே பிடித்திருந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? தினமும் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்து வறண்ட பேனாவால் எழுதினார் என்றால், நீ எழுத வேண்டும் என்றுதான்.

இனி அவருடைய விதியையே வைத்துப் பார்க்கிறேன், நீ தடித்த எழுத்தில் கோக்கச் சொன்ன விதி. இந்தத் திருத்தத்தை நீ எழுதியிருக்க முடியாது. உன் தன்மானம் உன் கையை முறித்திருக்கும். நான் எழுதியிருக்க முடியாது. மைக்கூட்டு விஷயம் எனக்குத் தெரிந்த பிறகுதான் அந்தத் தாள் வழவழவென்று இருந்ததை மேற்பார்வையாளரே தடவிப் பார்த்து மூடினார். உயிரோடு இருந்த அப்பாவும் எழுதியிருக்க மாட்டார்; விடுபட்ட ஒரு வரிக்கே பதினேழு வருஷம் எடுத்துக்கொண்டவர். எவருக்கும் வசதியில்லாத பாடம். அப்படியானால் எது மூலம் என்று நீயே சொல்.

ஆனாலும் நீ ஒப்பாமல் நான் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன். ஒருவர் முடிவை இன்னொருவர் அவர் பெயரில் எழுதுவது நம் குடும்பத்தில் இத்தோடு நிற்கட்டும். இரண்டாம் தேதி காலை அச்சு ஓடும். அதற்குள் எழுது.

தம்பி

•

1874, மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. பிரித்ததும் என் மனைவி எட்டிப் பார்த்து, "என்ன இது, வெறும் தாளை அனுப்பியிருக்காங்க? அவ்வளவு கோவமா?" என்றாள். தேதி இல்லை, விளிப்பு இல்லை. தாளின் கீழ்ப்பாதியில் பொடியாக இரண்டு கறுப்புப் புள்ளிகள் மட்டும். உறையை மூடும்போது மை தெறித்திருக்கும் என்று நினைத்தேன்.

பழக்கத்தால் விரலை ஓட்டினேன். சன்னலுக்குக் கொண்டுபோனேன். தேய்த்தேன். ஒற்றைக் கோடு. உன்னுடைய சொந்தக் கையெழுத்து; நீ பதினைந்து வயதில் எனக்கு எழுதிக்கொடுத்த வாய்ப்பாட்டில் பார்த்தது, அதன் பிறகு இவ்வளவு தாராளமாகப் பார்த்ததில்லை. நீ எழுதியதைக் கீழே அப்படியே எடுத்தெழுதுகிறேன், நான் ஒரு வரியும் தாண்டவில்லை என்று நீ சரிபார்த்துக்கொள்ள:

"இதை மையால் எழுத என் கை துணியவில்லை, ஆயினும் எழுதாமல் இருக்கவும் இயலவில்லை. நீ காட்டிய விதிக்கு மறுப்பு ஏதும் என்னிடம் இல்லை. இன்று காலை அவர் மைக்கூட்டைக் கழுவி, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் மை நிரப்பி, மேசையின் வலப்பக்கம் வைத்தேன். இந்தத் தாளும் இரவு முழுவதும் அங்கேயே கிடக்கும். பதிப்பித்தவர் என்னுமிடத்தில் அச்சிட வேண்டியது: மகள். அதன் கீழ் என் பெயரை முழுமையாகவும் பிழையின்றியும் கோக்கச் செய்க. அடுத்த முறை வரும்போது வாசலில் நின்று திரும்பாதே."

மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். தலைப்புப் பக்கத்தின் அச்செழுத்துகளைப் பிரித்து, உன் பெயரைத் தன் கையாலேயே கோத்தார். நாளை காலை அச்சு ஓடும். முதல் படியை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு புள்ளிகளும் தெறித்த மை அல்ல. பென்சில் தேய்த்து உன் எழுத்து எழுந்த பிறகுதான் அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்தது. ஒன்றையொன்று ஒட்டினாற்போல, "மகள்" என்ற சொல்லுக்கு நேர் கீழே, ஏற்ற சொல்லுக்கு அவர் புள்ளி வைக்கும் இடத்தில். நன்றாக அழுத்தி, நிறைய மை தொட்டு வைத்திருக்கிறது.

தம்பி